பாட்டிலில் அடைத்த சாட்சி

எங்கள் மலையூர் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி டப்பாவைக் கவிழ்த்து அடியில் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. அப்படிப்பட்டவளிடம் என் வீட்டுக்காரர் ஒரு விதைப் பாக்கெட்டை நீட்டினார். போனில் பார்த்து வரவழைத்தாராம். அட்டைப் படத்தில் மலையே நீலமும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. அவ்வளவு அழகாகப் படம் போட்டிருந்தாலே எனக்கு உறுத்தும்.

"காட்டுப் பூ. இத விதைச்சா நல்ல பூச்சிங்க வரும். அதுங்க கெட்ட பூச்சியத் தின்னுடும்லா," என்றார்.

"பூச்சில என்னங்க நல்லது கெட்டது?"

கேட்டேனே தவிர, எங்களுக்கு வேறு வழி இல்லை. திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் பல வருஷம் மருந்தடித்ததில் அவருக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. மருந்து வாடை பட்டால் போதும், இருமி இருமிச் சுருண்டுவிடுவார். எங்கள் எஸ்டேட் லைன் வீட்டின் பின்னால் இருந்த பயற்றங்கொடிப் பாத்திதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை. அந்தக் கொடி முழுக்கச் செடிப்பேன் அப்பிக்கிடந்தது. மருந்தடித்தால் அவர் தாங்கமாட்டார், அடிக்காவிட்டால் கொடி தாங்காது.

விதை தூசி மாதிரி இருந்தது. மணலோடு கலந்து தூவி, மண் போட்டு மூடாமல் பலகையால் அழுத்திவிட்டோம். மழை கொஞ்சத்தை அடித்துக்கொண்டு போனது. மிச்சம் முளைத்து, இரண்டு மாதத்தில் இடுப்பளவு நின்று பூத்தது. பாக்கெட் பொய் சொல்லவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்தான். அவர் போனில் ஒரு சிவப்புப் புள்ளி வண்டைக் காட்டி, இது வந்தால் செடிப்பேன் தீர்ந்தது என்றார். காலையிலும் மாலையிலும் நாற்காலியைப் போட்டு அதற்காக உட்கார்ந்திருந்தார்.

வண்டு வரவில்லை. வந்தது வேறு. கறுப்பாக, முதுகெல்லாம் முள்ளாக, ஆரஞ்சுத் திட்டோடு, நகத்தளவு முதலை மாதிரி ஒன்று. பூத்தண்டிலும் கொடியிலும் ஊர்ந்தது. அவருக்குக் கண் மங்கல், அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை, வீணாக மனசு விட்டுவிடுவார் என்று. மலையில் தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்துவிட்டு வந்த கையோடு தினமும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன்.

இது எங்கிருந்து வருகிறது? என் கண் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனது. அங்கே பக்கத்து வீட்டு அக்காவின் சாவி என்கிற கடுகுக் கீரை, ஓட்டை இல்லாத இலைகளோடு தளதளவென்று நின்றது. மருந்தடிக்காமல் அப்படி நிற்குமா? முதுகில் பம்போடு அவளை இரண்டு முறை விடியற்காலையில் பார்த்தேன். கணக்குத் தெளிவாகிவிட்டது. அவள் மருந்தில் நல்ல வண்டு சாகிறது, தப்பித்த முள் சனியன் எங்கள் பக்கம் ஓடி வருகிறது. இவருக்கு இருமல் நிற்காததற்கும் அவள்தான் காரணம்.

அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவள் மருந்தடிக்கிறாள் என்று எஸ்டேட் கங்காணியிடம் சொன்னேன். சாட்சிக்கு ஆறு முள் பூச்சிகளை, பேன் மொய்த்த கொடியோடு ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, உயிரோடு இருக்கவேண்டுமே என்று மூடியில் ஊசியால் ஓட்டையும் போட்டு அலமாரி மேல் வைத்தேன். கங்காணி வந்து சேர இரண்டு வாரம் ஆனது; அதுவரை பாட்டிலை நான் இறக்கவே இல்லை.

அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் அக்காவும் வந்து நின்றார்கள். நான் பாட்டிலை எடுத்துவந்து, "பாருங்கண்ணே, இவங்க பக்கத்துலேருந்து வர்றத," என்று நீட்டினேன்.

கங்காணி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புள்ளி வண்டுதானே தங்கச்சி? இது நல்லதுலா."

பிடுங்கிப் பார்த்தேன். முள் பூச்சி ஒன்றுகூட இல்லை. கண்ணாடியில் காய்ந்த தோல்கள் ஒட்டியிருந்தன. நடுவே மூன்று சிவப்பு வண்டுகள் நடந்துகொண்டிருந்தன. பாட்டிலுக்குள் வெளியிலிருந்து எதுவும் போயிருக்க முடியாது. என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டுக் காத்திருந்த வண்டின் குஞ்சுகளைத்தான் நான் வாளி வாளியாகக் கொன்றிருக்கிறேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அக்கா சொன்னாள். "நான் மருந்தடிச்சு மூணு மாசம் ஆச்சு. பம்புல சோப்புத் தண்ணி. ஓன் வீட்டுக்காரரு இருமுறது செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதா?"

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த ஒரே செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அவளை எவ்வளவு திட்டியிருப்பேன். அதுவும் கேட்டிருக்கும்.

மறுநாள் வாளி இல்லாமல் பாத்திக்குப் போனேன். அவர் அங்கே கொடியை முகத்தருகே பிடித்து முள் பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மிச்ச விதையைக் கால்வாய் தாண்டி நீட்டினேன். "உங்க பக்கமும் கொஞ்சம் தூவுங்கக்கா."

அவள் வாங்கினாள். பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிரித்து முகர்ந்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இதுல வேற ஒண்ணும் கலக்கலியே?"