கேமரா நின்ற இடத்தில் நின்ற பிள்ளை

1996 தை மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மணிமுத்தாறு அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது என் வேனில் ஒரு பிள்ளை குறைந்தது. ஏழு வயது மீனா. அவள் சீட்டில், உடுப்புப் பையின்மேல் முயல் முகமூடி மட்டும் இருந்தது. எனக்கு உயிரே இல்லை. அந்த உயிரை நெல்லைத் தாய் காந்திமதியம்மை திருப்பித் தந்ததைத்தான் அடியார்களாகிய உங்களிடம் சொல்ல வந்தேன்.

அப்போது நான் தொலைக்காட்சிக்குச் சிறுவர் நாடகங்கள் எடுத்துக் கொடுத்துவந்தேன். வேலை பழக வரும் புதுப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வேன். அந்த முறை வந்தவள் பத்தமடை செண்பகம், கல்லூரி முடித்த கையோடு வந்தவள். நடிக்கும் பதினோரு குழந்தைகளும் அவள் பொறுப்பு.

அன்று காலை மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியதும், குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்தாள். வழி தவறினால் கேமரா நின்ற இடத்துக்கு வந்து நிற்கணும், நாங்கள் வரும்வரை யார் கூப்பிட்டாலும் நகரக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கோ வெயில் போகிறதே என்ற அவசரம். பாடம் நடத்த நல்ல நேரம் பார்த்தாய் என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

திரும்பும்போதும் அதே அவசரம். மஞ்சு மூடுபனியாய்க் கவியுமுன் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். வழக்கமாக முகமூடியைக் கழற்றச் சொல்லித்தான் எண்ணுவோம். கழற்ற வேண்டாம், அப்படியே ஏறுங்கள் என்றவள் நான்தான். செண்பகம் ஜன்னல் வழியாக எண்ணினாள். மான், கரடி, மயில், முயல் எல்லாம் சேர்த்துப் பதினொன்று சரியாக இருந்தது. அதற்கு முன்பே மீனா முகமூடியைப் பைமேல் வைத்துவிட்டு, சொல்லாமல் இறங்கி ஒன்றுக்குப் போயிருக்கிறாள்; அந்த வெறும் முகமூடியும் ஒரு பிள்ளையாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மற்றக் குழந்தைகளை ஒளிப்பதிவாளரிடம் விட்டுவிட்டு, நானும் செண்பகமும் டிரைவர் அண்ணாச்சியும் மறுபடி மலை ஏறினோம். யானை நடமாடும் காடு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் முதல் வேண்டுதல் குழந்தைக்காக இல்லை. அம்மா, என் பேர் கெடக்கூடாது என்றுதான் வேண்டினேன். வழியெல்லாம் செண்பகத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பாதி மலையில் மஞ்சு வழியை மறைத்தது. இனிப் பையத்தான் போகமுடியும் என்றார் அண்ணாச்சி. என் வாயும் ஓய்ந்தது. அப்போதுதான் பின்சீட்டில் செண்பகத்தின் முணுமுணுப்பு கேட்டது.

"நவுராம இரு மீனா. நவுராம இரு."

பின்னால் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 'தாயே, பேர் போனால் போகட்டும். தப்பு என்னுடையது. பிள்ளை நின்ற இடத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொள்' என்று அழுதேன்.

இருட்டுகிற நேரத்துக்குத் தோட்டத்தை அடைந்தோம். கேமராவின் மூன்று கால்களும் பதிந்த இடத்தில் மீனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருத்தி, தன் கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டிருந்தாள்.

"வீட்டுக்கு வாட்டின்னா வரமாட்டேங்கா. அக்கா இங்கனதான் நிக்கச் சொன்னாவளாம். பிள்ளைய ஒத்தைல எப்படி விட? அதான் நானும் உக்காந்துட்டேன்."

வந்தது அம்பாளேதான் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. அந்த அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிள்ளையை விட்டுப்போன எங்களை நன்றாக வைதாள். மனுஷிதான். மனுஷியை அனுப்பவும் அம்மைக்குத் தெரியும்.

அன்றே மீனாவின் அம்மாவிடம் என் தப்பை ஒப்புக்கொண்டேன். மறுநாள் செண்பகம் பெட்டியோடு வந்து நின்றாள். வேலையை விட்டுப் போகிறாளாம்.

"நீ போயிட்டா அந்தப் பாடத்த யாரு நடத்துவா?" என்றேன். பெட்டியைக் கீழே வைத்தாள்.

அதன்பிறகு வேலை பழக வந்த ஒருவரையும் பிறர் முன்னால் நான் கடிந்ததில்லை. வண்டி கிளம்புமுன் முகமூடிகளைக் கழற்றி, பேர் சொல்லி நானே எண்ணுகிறேன்.

உங்களுக்கும் அப்படியொரு மலை வரும். நம்பிக் கேளுங்கள், அம்மை தருவாள். முதலில் பிள்ளைக்காகக் கேளுங்கள். உங்கள் பேரை அம்மையிடமே விட்டுவிடுங்கள்.