ஃபிளாரி சொன்ன ஒரே ஒரு வேண்டாம்

பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நான, கல்யாணப் பதிவேட்டை மற்றவர்கள் புரட்டுவது, செத்துப்போன தாத்தாவையும் முப்பாட்டனையும் கண்டுபிடிக்க. ஃபிளாரி கோட்டர் புரட்டியது, தான் செத்தால் எங்கே படுப்பது என்று கண்டுபிடிக்க. இதைச் சொல்லி ஊரில் முதலில் சிரித்தவரும் அவரேதான். "அறுபத்தேழு வயசு வரைக்கும் எங்க படுக்கணும்னு பொண்டாட்டி சொன்னா. இப்ப பதிவேடு சொல்லணும்" என்பார்.

ஃபிளாரி பால் லாரி ஓட்டியவர். எங்கள் கார்ரிகதோரா பங்கில் அவர் லாரியை நிறுத்தாத வாசல் கிடையாது, அவரைப் பார்த்துக் குரைத்துக் களைக்காத நாய் கிடையாது. ஆனாலும் ஊருக்கு அவர் வெளியூர்க்காரர்தான். காரணம், மலைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மைல் தள்ளிப் பிறந்துவிட்டார். அவர் கட்டிய டெபி லூசிக்குக் குழந்தையில்லாத சித்தப்பாவின் வீடும் மேய்ச்சல் நிலமும் வந்தன. அந்த வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்த வீட்டோட மாப்பிள்ளை அவர். அந்தப் பெட்டியைப் பற்றி ஊர் இன்னும் பேசும். பூட்டு இல்லாமல் கயிறு கட்டியிருந்ததாம்.

பெயரிலும் அவருக்கு ராசி இல்லை. அம்மா கூப்பிட்டது ஊர்ப் பாஷையில் ஃபினீன் என்று. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் லத்தீனில் ஃபுளோரென்சியுஸ் என்று எழுதினார். பள்ளிக்கூடம் அதை ஃபுளோரன்ஸ் ஆக்கியது. எங்கள் பக்கத்தில் மீசை வைத்த ஃபுளோரன்ஸ்கள் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நகரத்துக்குப் போனால் அது பெண் பெயர். ஒருமுறை பெண்களுக்கான மார்புப் பரிசோதனைக்கு வரச் சொல்லி ஃபுளோரன்ஸ் அம்மையாருக்குக் கடிதம் வந்தது. "அரசாங்கம் கூப்பிடுது, போகாம இருந்தா மரியாதையா" என்று கிளம்பிவிட்டார். டெபிதான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அந்த டெபி நான்கு வருஷத்துக்கு முன் போய்விட்டாள். போவதற்கு முன், "நான் எங்க ஆளுங்களோட போய்க்கறேன்" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. எத்தனை வருஷம் புருஷனோடு வாழ்ந்தாலும், கடைசியில் பிறந்த வீட்டார் கல்லறைக்குத்தான் போவார்கள். லூசி குடும்பத்துக் கல்லறை மேட்டின் மேல் இடிந்த கோயிலை ஒட்டி இருக்கிறது. அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில் புதிதாக யாருக்கும் இடம் கிடையாது. குடும்பக் குழி இருந்தால் மட்டும் அந்தக் குடும்பத்தார் போகலாம். மற்றவர்களுக்கு மைதானத்துக்குப் பின்னால் புதுத் தோட்டம் இருக்கிறது. சமதளம், வரிசை வரிசையாகக் கல், பந்து அடிக்கடி வந்து விழும்.

அடக்கம் முடிந்த அன்றே சிக்கல் தீர்ந்திருக்க வேண்டியது. டெபியின் அண்ணன் மர்ட்டி லூசிதான் அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர், குழியைப் பற்றி அவர் சொன்னதுதான் சொல். சாமியார் தண்ணீர் தெளித்து முடித்து எல்லாரும் இறங்கும்போது மர்ட்டி வாசல் கேட் அருகே ஃபிளாரியின் தோளைத் தொட்டார்.

"மாப்ள, அங்க இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு. உனக்கு வேணும்னா..."

"ஐயோ, வேண்டாம் மச்சான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார் ஃபிளாரி.

அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து யாரோ துக்கம் விசாரிக்க மர்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சு அங்கேயே நின்றது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த 'வேண்டாம்' எப்படிப்பட்டது என்று தெரியும். டீ குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்போம். ஒரு வாய் குடியுங்களேன் என்றால், இப்போதுதான் குடித்தேன் என்போம். மூன்றாவது தடவை கேட்டால், சரி, நீங்கள் போடுவதாக இருந்தால் என்போம். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதுதான் வரிசை. முதல் தடவையே வாங்கிக்கொள்பவனை, பாவம், வளர்த்தவர்கள் சரியில்லை என்று பேசுவார்கள். ஃபிளாரி ஒழுங்காக வளர்க்கப்பட்டவர். முதல் வேண்டாமைச் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தார். வாரம் போனது, மாதம் போனது, கேள்வி வரவில்லை.

தானே போய்க் கேட்கலாமே என்று தோன்றும். கயிறு கட்டிய பெட்டியோடு வந்தவருக்கு அந்த ஒன்றுதான் முடியாது. லூசிகளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய சொத்து. "ஒரு ஏணி கூடக் கேட்டதில்ல. கூரை ஒழுகினப்ப நாற்காலி மேல நாற்காலி போட்டு ஏறி விழுந்தேன். விழுந்ததுக்கு அப்புறம் தூக்கிவிடக்கூடக் கூப்பிடல" என்று பெருமையாகச் சொல்வார். டெபி கூடத்தின் நடுவில் அவரைப் படுத்த நிலையில் பார்த்து, காப்பாற்றுவதற்கு முன் சிரித்தாளாம்.

மர்ட்டியின் இரண்டாவது கேள்விக்குக் காத்துச் சலித்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அப்பாவின் பாட்டி ஒரு லூசி. கார்ரிகதோராவிலிருந்து மலை தாண்டி வாக்கப்பட்டவள், பெயர் கோப்னட். அவள் மர்ட்டி வீட்டு லூசி என்று ஆகிவிட்டால், ஃபிளாரியும் அந்த ரத்தம். ரத்தம் என்றால் உரிமை. உரிமை என்றால் கேட்க வேண்டியதில்லை. காகிதத்தை மேசையில் வைத்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை தோறும் பங்கு அலுவலகத்துக்குப் போனார். அங்கே சாவியும் பதிவேடும் பிரீட் குரோலியின் கையில். பங்குச் சாமியாரை விட அவளுக்குத்தான் ஊர் பயப்படும்.

"என்ன ஃபிளாரி அண்ணே, கட்டிக்கிட்டவ சொந்தக்காரி இல்லன்னு எழுதி வாங்கத்தான் எல்லாரும் வருவாங்க. சொந்தக்காரியத்தான் கட்டினேன்னு எழுதி வாங்க வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் பிரீட்.

"ரத்த உறவுன்னு ஆனா போதும் பிரீட். முறை கெட்டாலும் பரவாயில்ல."

"கெட்டுச்சுன்னா ஆயருக்கு எழுதணும். உங்க கல்யாணம் செல்லுமா செல்லாதான்னு."

"செல்லலன்னா நான் இத்தன வருஷம் பாத்திரம் கழுவினதுக்கு யாரு பதில் சொல்றது" என்றபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதிவேட்டில் சாமியார்களின் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால், அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எல்லாக் கல்யாணத்தையும் அடித்துப் பிடித்து முடிப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சாமியாருக்கு ஒரு கிளாஸ் விஸ்கி. காலைக் கல்யாணங்களை வாசிக்கலாம். சாயங்காலக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெயர் எது, கறை எது என்று சொல்ல முடியாது. ஃபிளாரி கோப்னட் என்று தேடினார். லத்தீனில் கோப்னாட்டா என்று தேடினார். கோப்னட்டை ஆங்கிலத்தில் டெபோரா ஆக்குவார்கள் என்று அவருக்கு வீட்டிலேயே தெரியும், அதனால் டெபோரா என்றும் தேடினார். கோட்டரைக் கட்டிய லூசி ஒருத்தியும் அகப்படவில்லை. நான்கு வருஷம் போனது. பிரீட் அவருக்கென்று ஒரு நாற்காலியே ஒதுக்கிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணே, டெபி அக்காவோட முழுப் பேரு என்ன?"

"டெபோரா."

"அவங்க அம்மா கூப்பிட்டது?"

"கோப்னட்."

"லூர்துக்குப் போனப்ப பாஸ்போர்ட்டுல?"

ஃபிளாரியின் கை பதிவேட்டின் மேல் அப்படியே நின்றது. விமான நிலைய வரிசையில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "யாருடி இந்த அபிகெயில்" என்று அவர் சத்தமாகக் கேட்டதும், டெபி எல்லார் முன்னாலும் "உன் பொண்டாட்டிதான்" என்று பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தன. கோப்னட் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஈடு கிடையாது. ஒரு சாமியார் டெபோரா என்று எழுதுவார், இன்னொருவர் அபிகெயில் என்று எழுதுவார், அவரவர் வசதி. ஒரே பெண்ணுக்கு இரண்டும் வாய்ப்பதும் உண்டு. அப்படி ஒருத்தியோடுதான் அவர் குடித்தனம் நடத்தினார்.

"கழுத மாதிரி உக்காந்திருக்கேன்" என்றார். "என் பேரே மூணு. என் பொண்டாட்டி பேரு மூணு. இதுல ஒண்ணைத் தேடிட்டு இல்ல இல்லன்னுட்டு இருந்திருக்கேன்."

"கழுதைய ஏன் திட்டறீங்க" என்றாள் பிரீட்.

அரை மணியில் கிடைத்துவிட்டது. அவர் பலமுறை தாண்டிப் போன பக்கம்தான். சாயங்காலக் கல்யாணம், தள்ளாடும் கையெழுத்து: மாப்பிள்ளை ஃபுளோரென்சியுஸ் கோட்டர், பெண் அபிகெயில் லூசி, ஊர் எங்கள் பங்கிலேயே இருக்கும் கூம்ரோ. தன் பெயரையே மணமகனாகப் பார்த்த ஃபிளாரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிரீட் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மாட்டிக்கொண்டு மர்ட்டி வீட்டுக்குப் போனார். மர்ட்டி அடுப்பருகே காலுறையைக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. டீ போடவா?"

"வேண்டாம் மச்சான்."

"ஒரு வாய்."

"இப்பத்தான் குடிச்சேன்."

"தண்ணி கொதிக்குது, போட்டுடறேன்."

"சரி, நீங்க போடறதா இருந்தா."

டீ வந்தது, கூடவே பழ ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. ஃபிளாரி நகலை மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு, அங்கிருந்து வாய்க்கணக்காகத் தன் அப்பா வரைக்கும் இறங்கி வந்தார். வழக்கறிஞர் மாதிரி பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். கடைசியில், "ஆக, நானும் லூசிதான்" என்று முடித்தார்.

மர்ட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு வார்த்தையை மட்டும் படித்தார்.

"கூம்ரோவா."

"ஆமா."

"மாப்ள, இங்க லூசிங்க ரெண்டு வகையறா. கூம்ரோக்காரங்க கட்டை லூசிங்க. நாங்க மணி லூசிங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரு சொட்டு ரத்தம் சம்பந்தமில்ல. ஒரு கிணத்துச் சண்டைதான் சம்பந்தம். அவங்க குழி கீழ, கேட் பக்கத்துல. அதுவும் நிரம்பிப் போச்சு."

ஃபிளாரி காகிதத்தை மெதுவாக மடித்தார். ரொட்டியை வாயில் வைத்தார், இறங்கவில்லை. அழுகை வந்தது, அதை இருமல் என்று காட்டப் பார்த்தார். இருமலுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் மர்ட்டி. "இதுக்காகவா நாலு வருஷமா பிரீட்கிட்டப் போய் உக்காந்த? நீ சிரிச்சுக்கிட்டே சொன்னதால ஊரே விளையாட்டுன்னு நினைச்சுது."

"அவ பக்கத்துல இடம்..." என்றார் ஃபிளாரி.

"அதான் நான் அன்னைக்கே கேட்டேனே. நீதான் வேண்டாம்னுட்ட."

"ஒரு தடவைதானே மச்சான் சொன்னேன்."

மர்ட்டி காலுறையைத் திருப்பிப் போட்டார்.

"ஆமா" என்றார். "ஒரு தடவைதான் கேட்டேன். அன்னைக்கு என் தங்கச்சிய மண்ணுல வெச்சிட்டு நின்னேன். கணக்கு விட்டுப் போச்சு. நீ எங்களோட இருக்கப் பிடிக்காமத்தான் சொல்றன்னு நினைச்சுட்டேன். இத்தன வருஷம் பிடிக்காமத்தான் இருந்திருக்கியோன்னும் நினைச்சேன்."

ஃபிளாரி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"சரி, இப்பக் கேக்கறேன். அவ பக்கத்துல வர்றியா மாப்ள?"

"வர்றேன்" என்றார் ஃபிளாரி.

மர்ட்டி நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாப்ள இது. மரியாதைக்கு ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்ல மாட்டியா."

"மூணு தடவை கேக்க வெச்சு வாங்கற வயசு தாண்டிப் போச்சு மச்சான்."

மர்ட்டி எழுந்து அவருடைய கோப்பையை மறுபடி நிரப்பினார், இந்த முறை கேட்காமலே. "கல்லுல அவ பேருக்குக் கீழ இடம் விட்டுத்தான் செதுக்கச் சொன்னேன். ஃபினீன்னு போடவா? ஃபுளோரன்ஸ்னு போட்டா கோப்னட்டும் ஃபுளோரன்ஸும் ரெண்டு பொம்பளைங்கன்னு நினைப்பாங்க. அமெரிக்காவுல இருந்து எவனாவது முப்பாட்டனத் தேடிக்கிட்டு வந்தா குழம்பிப் போயிடுவான்."

ஃபிளாரி கைக்குட்டையால் மூக்கைச் சிந்திவிட்டு, முதல் தடவையாக அந்த வீட்டு ரொட்டியில் இன்னொரு துண்டை யாரும் நீட்டாமலே தானே எடுத்துக்கொண்டார்.

"ஃபுளோரன்ஸ்னே போடுங்க மச்சான்" என்றார். "வந்து நாலு வருஷம் தேடட்டும்."