முக்கால் காதில் விழுந்த சொல்

முக்கால் என்று பெயர் வைத்தவர்கள் எதிரணி ரசிகர்கள். ஆள் ஐந்தடி ஒரு அங்குலம். "முழு ஆள் கிடைக்கலையா, முக்கால் ஆளை அனுப்பியிருக்கீங்க" என்று எவனோ கேலரியிலிருந்து கத்த, மைதானமே சிரித்தது. அந்தக் கேலரிக்கு எதிரிலேயே மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு போய் அவன் ஒரு கோலுக்கு வழி பண்ணிக் கொடுத்தான். மறுவாரம் சொந்த ரசிகர்கள் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்: இவனுக்கு மூன்று கால், அதனால்தான் முக்கால். அதன் பிறகு பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிட்டாள்.

அதற்கு முன்னால் பட்ட பாடு கொஞ்சமா? மூன்று கிளப்புகள் திருப்பி அனுப்பின. "கால் நல்லா இருக்கு, உயரத்துக்கு என்னப்பா பண்றது" என்று ஒரு கோச் கேட்டார், என்னவோ கடையில் வாங்கிவர மறந்தவனைக் கேட்பது மாதிரி. நாலாவது கிளப்பில் தேர்வு நடந்த அன்று, பந்து பிடிப்பதற்காக நின்றிருந்த ஆறடி இரண்டு அங்குலக் கோல்கீப்பர்தான் வாயைத் திறந்தார். "சார், இவனை நாம எடுக்கலன்னா வேற எவனாவது எடுப்பான். அப்புறம் இவன் அடிக்கிறத நான்தான் பிடிக்கணும். என்னால ஆகாது சார்."

எடுத்தார்கள். அவன் காலுக்குப் பெரியவர்கள் பூட்ஸ் சேரவில்லை. சிறுபிள்ளைகள் பிரிவில் பளபளவென்று நட்சத்திரம் போட்டதுதான் கிடைத்தது. அதற்குக் கறுப்பு பாலிஷ் அடித்து மாட்டிக்கொண்டு நடுக்களத்தில் இறங்கினான். பந்து வருவதற்கு முன்னால் இடத்தோள் பக்கம் ஒரு பார்வை, வலத்தோள் பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான். மற்றவர்கள் மூச்சு வாங்க ஓட, இவன் நின்ற இடத்தில் திரும்பிப் பந்தை அனுப்புவான். அது போய்ச் சேரும் இடத்தில் நம் ஆள் நின்றுகொண்டிருப்பான். ஒன்பது வருஷம் அந்த அணிக்கு அவன்தான் சாவி.

கோல்கீப்பருக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாமல் அவர் தூக்கி வளர்த்த பெண். அவளை முக்காலுக்குக் கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் மச்சான், இவன் மாப்பிள்ளை. அவர் மாடியில், இவர்கள் கீழே. மைதானத்துக்கு வெளியே "வாங்க மாப்பிள்ள, சாப்பிட்டீங்களா மாப்பிள்ள" என்றுதான் பேசுவார். தங்கை புருஷனை மறந்தும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. ஆனால் கோடு தாண்டி உள்ளே போய்விட்டால் மரியாதையாவது மண்ணாவது. "விடு" ஒன்றுதான். சட்டென்று வெட்டி "விடு" என்றால், பந்தைத் தொடாதே, நான் வருகிறேன். இழுத்து "விடூ" என்றால், தூரமாக அடித்து அனுப்பு. ஒரே சொல். நீளத்தில்தான் வித்தியாசம். ஒன்பது வருஷத்தில் முக்காலின் காது ஒரு தடவை தப்பவில்லை.

கடைசி ஆட்டம். சமன் செய்தாலே மேல் டிவிஷனில் தங்கிவிடலாம். மச்சானுக்கு மூன்று நாளாகத் தொண்டை கட்டியிருந்தது, பேசினால் காற்றுதான் வந்தது. இரண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது பந்து எம்பி எம்பிப் பெனால்டி பாக்ஸ் ஓரத்தில் முக்காலிடம் வந்தது. அந்த இரைச்சலிலும் முதுகுக்குப் பின்னால் கேட்டது: "விடு."

வெட்டிச் சொன்ன விடு. காலை விலக்கினான். மச்சான் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அவர் இழுத்துத்தான் சொல்ல நினைத்திருக்கிறார், தொண்டை இழுக்கவில்லை. பின்னால் பாய்ந்து வந்த எதிரணிக்காரன் வலைக்குள் தள்ளினான். கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

மறுநாள் உடைமாற்றும் அறையில் கோச் கேட்டார். "பந்தை ஏன்யா விட்ட?"

"மச்சான் விடுன்னாரு சார்."

எல்லோரும் கோல்கீப்பரைப் பார்த்தார்கள். கீப்பர்களுக்குக் கோச்சாக அவரைப் போடுவதாக அந்த வாரம்தான் நிர்வாகம் சொல்லியிருந்தது. கையுறைப் பட்டையைப் பிரித்தார், ஒட்டினார், மறுபடி பிரித்தார். "நான் கூப்பிடவே இல்ல சார்" என்றார்.

முக்கால் மனசுக்குள் வைதான். அடப்பாவி மனுஷா, தொண்டை கட்டியிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வீட்டுக்கு வந்தால் மனைவி ஏழு மாத வயிற்றோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணன் கூப்பிட்டாரா இல்லையா? சொல்லுங்க, இப்பவே மாடிக்குப் போய்க் கேட்கிறேன்." கேட்டுவிட்டு அவள் யாருடைய தங்கையாக இருப்பாள், யாருடைய மனைவியாக இருப்பாள்?

"ஒரே சத்தம். ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றான்.

'கோட்டை விட்டார் முக்கால்' என்று பத்திரிகை போட்டது. கிளப் அவனை வைத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வயதுக் குள்ளனை, அதுவும் பந்தை விட்டவன் என்று பேர் வாங்கியவனை, எவன் எடுப்பான்? சின்ன அணிகளில் இரண்டு வருஷம் இழுத்துப் பார்த்தான். பிறகு விளையாட்டரங்கின் சாமான் அறையில் வேலை. பந்துக்குக் காற்றடித்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, அடுக்கி வைப்பான். பந்து வாங்க வருகிறவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ள?" இன்றைக்குச் சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று முக்கால் ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தான். ஊருக்குச் சொல்ல வேண்டாம். தன்னிடம் மட்டும், ஆமாம் கூப்பிட்டேன் என்று சொன்னால் போதும். இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

பிறகு மச்சானின் தொண்டையில் கட்டி. குரலையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர், நாளைக் காலை ஆபரேஷன், பேச வேண்டியதை இன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு முக்காலும் மனைவியும் போனார்கள். அவள் ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்துவர வராந்தாவுக்குப் போனாள். முக்கால் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான்.

"மச்சான். அன்னைக்கு நீங்க கூப்பிட்டீங்க. இல்லையா?"

மச்சான் கூரையைப் பார்த்தார். பந்து பட்டுப் பட்டுக் கோணிப்போன தன் விரல்களைப் பார்த்தார். பிறகு முக்காலின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"விடு" என்றார்.

அதே காற்றுக் குரல். அதே வெட்டு. பேச்சை விடச் சொல்லியிருந்தால் "விடுங்க மாப்பிள்ள" என்றுதான் சொல்லியிருப்பார். இது வீட்டு வார்த்தை இல்லை. கோட்டுக்கு உள்ளே மட்டும் சொல்கிற வார்த்தை. முக்காலுக்குப் புரிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது மனுஷன் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து அழுதான்.

நிமிர்ந்தபோது மனைவி ஃபிளாஸ்கோடு வாசலில் நின்றிருந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றார்கள். அவள் சொன்னாள். "ஒரு 'ங்க' போடக்கூட அண்ணனுக்குத் தெம்பு இல்ல, பார்த்தீங்களா?" அவன் பக்கம் திரும்பினாள். "ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே அன்னைக்கு. அப்ப அண்ணன் கூப்பிட்டிருக்காரா? நம்ம சோத்தையும் கெடுத்துட்டு, இத்தனை வருஷமா நம்ம வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தாரா?"

அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்தக் கட்டிலில் கிடக்கிற ஆள் ஒருவர்தான். நாளைக் காலை அவரை உள்ளே கொண்டுபோகும்போது இவள் கதவருகே நிற்க வேண்டும். முக்கால் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்.

"சேச்சே. அவர் கூப்பிடல. என் காதுதான் தப்பு."

"அப்புறம் எதுக்கு அதப் போய்க் கேட்டீங்க?"

"கூப்பிட்டிருந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு நப்பாசை."

அவள் பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்தது. நம்பிவிட்டாள்.

"விடுங்க" என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நீங்க வேணும்னா பண்ணீங்க?"