பதினான்கு பொட்காஸ்டுகள்

லா ஷோ-து-ஃபோனில் சுவிஸ் கடிகாரத் தொழிற்சாலையொன்றில் எனக்கு வேலை. முகப்புகளில் தூசியோ கீறலோ இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டிக்குள்ளால் பார்க்க வேண்டும். கண்ணுக்கு ஓய்வே கிடையாது, காது சும்மா கிடக்கும். ஒரு காதில் மட்டும் ஏதாவது கேட்கலாம் என்று மேற்பார்வையாளர் சொன்ன அன்றைக்கே பொட்காஸ்ட் கேட்கத் தொடங்கினேன்.

ஊரில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் நான். சண்டை முடிந்த அடுத்த வருசம் கலியாணமாகி இங்கு வந்ததோடு அது நின்றுபோனது. நின்றுபோனதை இந்தக் காது வழியாகத்தான் திரும்பப் பிடித்தேன். பகா எண்கள், கறுந்துளை, போர்க்காலத்து ரகசிய எழுத்துகள். ஆங்கிலம் விளங்காத இடங்களில் வேகத்தைக் குறைத்து இரண்டு மூன்று தரம் கேட்பேன்.

மகளை விடப் போகும் ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் ஓர் அண்ணை இருந்தார். லொசானில் பொறியியல் படித்தவர், பள்ளியை நடத்தும் தமிழ்ச் சங்கத்தில் எல்லோரும் மதிக்கிற ஆள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது பெற்றோர் தேநீர் குடிக்கிற மேசையில் நான் ஒருநாள் பகா எண்களைப் பற்றிக் கதைத்துவிட்டேன். எங்கே படித்தனீர் என்று கேட்டார். சொன்னேன். நல்ல பொட்காஸ்டுகளை ஒரு பட்டியலாக எழுதித் தரச் சொன்னார். அப்படி ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு கிழமை எடுத்தது. பதினான்கு பொட்காஸ்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரி எழுதினேன்: யாருக்குப் பிடிக்கும், எந்தப் பாகத்திலிருந்து தொடங்கலாம், எங்கே அலுப்படிக்கும். மூன்றாவதுக்குக் கீழே, கணக்கென்றால் பயப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

சங்கத்தின் ஆண்டுமலரில் அது வந்தது. என் வசனங்கள், என் ஒழுங்கு, நான் பிழையாக எழுதிய ஒரு ஊர்ப்பெயர் உட்பட. மேலே அவருடைய பெயரும் படமும். வெளியீட்டு விழா மண்டபத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் இரண்டு தரம் வாசித்தேன். எங்காவது ஒரு மூலையில் நன்றி என்றாவது இருக்குமென்று தேடினேன்.

மேடையில் அவர் கதைத்து முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளையொன்று எழும்பி, தனக்குக் கணக்கு வராது, பட்டியலில் மூன்றாவது தனக்கு விளங்குமோ என்று கேட்டது. அது முழுக்கக் கணக்கு, உமக்குச் சரிவராது, விண்வெளியைக் கேளும் என்றார். சனம் சிரித்தது. பிள்ளை கதிரையில் இருந்துவிட்டது.

உம்மைப் போன்றவர்களுக்குத்தான் அது என்று நான் எழும்பிச் சொல்லியிருக்கலாம். மூன்றே வரிசை தள்ளித்தான் அந்தப் பிள்ளை இருந்தது. என் கணவர் பக்கத்தில் இருந்து, பேசாமல் இரும் என்று முழங்கையால் இடித்தார். அவர் இடிக்காவிட்டாலும் நான் எழும்பியிருக்க மாட்டேன்.

வெளியே அண்ணை தனியாக நின்றபோதுதான் கேட்டேன், ஏன் என் பெயர் இல்லையென்று. அவர் கோபிக்கவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

"உம்மட பேரைப் போட்டா இவ என்ன படிச்சவ எண்டு கேப்பினம், தங்கச்சி. என்ர பேர் எண்டபடியாத்தான் சனம் வாசிக்குது. நல்ல விசயம் நாலு பேருக்குப் போனாச் சரிதானே?"

"அண்ணை, அதில ஒண்டையாவது நீங்கள் கேட்டனீங்களோ?"

"எனக்கெங்க நேரம்," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர், மகளுக்கு அங்கே இன்னும் நாலு வருசம் படிப்பு இருக்கிறது, பகைக்க வேண்டாம் என்றார். பகைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் அண்ணைக்கு வணக்கம் சொன்னேன். அடுத்த வருசம் வேறொரு சங்கம் அவரை அறிவியல் பற்றிப் பேசக் கூப்பிட்டது. நான் போகவில்லை, அதை ஒருவரும் கவனிக்கவும் இல்லை.

அந்தப் பிள்ளையை அதற்குப் பிறகு நான் காணவில்லை. அவரில் இருந்த கோபம் தேய்ந்துவிட்டது. அந்த மூன்று வரிசை மட்டும் இன்றைக்கும் என்னை விடுவதில்லை.

போன மாதம் பக்கத்து மேசைப் போர்த்துக்கீசப் பெண், எந்நேரமும் காதில் என்ன கேட்கிறாய், எனக்கும் சொல்லேன் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பாட்டு என்றேன்.