எங்கள் திட்டத்தில் சாவுக்கு இடமில்லை

பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். "குடியிருப்பாளர்களுடன் சேர்ந்து" என்று அதில் போட்டிருந்தது. அந்த "சேர்ந்து" போதும் எனக்கு. அன்றைக்கே தொண்டூழியராகப் பெயர் கொடுத்துவிட்டேன். வகுப்பில் படித்ததெல்லாம் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் புளோக். கீழ்த்தளம் என்றால் தூண்கள், சிமெண்ட் தரை, தபால் பெட்டிகள், மீதியெல்லாம் வெறும் இடம். அந்த வெறும் இடத்தில்தான் மலாய்க் கல்யாணங்கள் நடந்தன. சீனர் வீட்டுச் சாவென்றால் வெள்ளைத் திரை கட்டி, வட்ட மேசை போட்டு, நாள்கணக்கில் மணியும் மந்திரமும் கேட்கும். எங்கள் ஆட்கள் செத்தால் அரை நாள்தான். பெட்டியை லிஃப்டில் படுக்கவைத்து மேலே கொண்டுபோக முடியாது. அதனால் கீழேயே இறக்கி, வாய்க்கரிசி போட்டு, மண்டாய் சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார்கள்.

இப்படி யார் செத்தாலும் முதலில் இறங்கி வருகிறவர் நாலாவது மாடி அங்கிள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்காலி விரிப்பார், வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பார். சீனர் வீடானால் வேர்க்கடலை உடைத்தபடி நடுச்சாமம்வரை உட்கார்ந்திருப்பார். திட்டம் தொடங்கிய நேரத்தில் அவருக்கே புற்றுநோய் முற்றியிருந்தது. இனி வைத்தியம் வேண்டாம் என்று டாக்டர்களும் அவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அதையும் அவர் கேலியாகத்தான் சொல்வார்.

"கீழ ஒரு மணி நேரம் என்னைய வைங்க, போதும். அஞ்சாவது மாடிக் கிழவன் லிஃப்ட்ல இறங்கி வந்து பார்ப்பான். மண்டாய்க்கெல்லாம் அவனால வர முடியாது லா. வந்தாலும் லேட்டாத்தான் வருவான்."

அந்தக் கிழவர் ஒரு சீனப் பெரியவர். இருவரும் பல வருடங்களாகக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் டாம் காய் நகர்த்தி ஆடியவர்கள், சந்தை மலாயில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஆடுவார்கள். பெரியவருக்கு முழங்கால் போய்விட்டது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை வருவார், லிஃப்டிலிருந்து கல்மேசை வரை வருவார். அதற்கு மேல் அவருடைய உலகம் இல்லை.

முதல் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சுடச்சுடக் கறிபாப் வைத்திருந்தார்கள். தமிழ் பேசும் மேசையை என்னிடம் கொடுத்தார்கள். கையில் மஞ்சள் ஒட்டுத்தாளும் பேனாவுமாக, எல்லோரையும் பேசவைத்துவிடுவேன் என்ற தெம்பில் உட்கார்ந்திருந்தேன். கீழ்த்தளத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், இன்னும் என்ன செய்ய ஆசை, இவ்வளவுதான் கேள்வி. உட்கார்ந்து பேசுவோம் என்றார்கள். பேரப்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் என்றார்கள். செடி வைக்கலாம் என்றார்கள். அங்கிளின் மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே ஆன்ட்டி?"

"செத்தா வைக்க இடம் விடுங்க தம்பி. அதை எழுதுங்க முதல்ல."

இரண்டாம் மாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல விஷயம் பேசுற இடத்துல எதுக்குங்க அதெல்லாம்?"

"வெள்ளிக்கிழமை வேற" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

"ஏன், வெள்ளிக்கிழமை யாரும் சாகறதில்லையா?" என்றார் ஆன்ட்டி. "இது தெரியாம இத்தனை வருஷம் இருந்துட்டேனே."

நான் எழுதினேன். பிறகு எல்லா மேசைகளின் தாள்களையும் ஒரே சுவரில் ஒட்டினார்கள். ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு வாரமெல்லாம் மணியடித்து அனுப்பிவைத்த சீனர் மேசையிலும் அந்த வார்த்தை இல்லை. அவர்களுக்கும் அது வாயில் வரக்கூடாத வார்த்தைதான். சுவர் முழுக்கத் தேடியும் என்னுடைய மஞ்சள் தாள் ஒன்றுதான் சாவைப் பற்றி இருந்தது.

எங்களுக்கு வாய்த்த அதிகாரி என்னைவிடச் சில வயது மூத்த தமிழ்ப் பெண். கடகடவென்று பேசுவார், சொன்னதைச் செய்வார். அந்தத் தாளை எடுத்து "பல்நோக்குப் பயன்பாடு" என்ற தலைப்பின் கீழ் நகர்த்தினார்.

"அக்கா, அது பல்நோக்கு இல்ல. ஒரே நோக்குதான்."

"தெரியும் லா. தலைப்பா அதைப் போட்டா அடுத்த மீட்டிங்குக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

அடுத்த கூட்டத்தில் மூன்று படப் பலகைகள் இருந்தன. முதல் பலகையில் தரையில் பதித்த மேசை நாற்காலிகள், தொட்டிச் செடிகள், சுவர் முழுக்கப் பழைய சிராங்கூன் ரோடு ஓவியம். இரண்டாவதும் கிட்டத்தட்ட அதேதான், செடிக்குப் பதிலாக ஊஞ்சல். மூன்றாவது பலகையில் இடத்தைத் திறந்தே விட்டு, நகர்த்தக்கூடிய நாற்காலிகளை மட்டும் வரைந்திருந்தார்கள். அதை அதிகாரி அக்கா தானாகவே சேர்த்திருந்தார், மேலதிகாரியிடம் பேசி. பார்க்க அழகாகவே இல்லை. ஆனால் அதில் மட்டும்தான் ஒரு பெட்டியை வைத்து, சுற்றி ஆட்கள் நிற்க முடியும்.

ஆளுக்கு ஒரு பச்சைப் புள்ளி கொடுத்தார்கள். பிடித்த பலகையில் ஒட்ட வேண்டும்.

நான் அங்கேயே நின்று பார்த்தேன். அப்பாவை அந்தக் கீழ்த்தளத்தில் வைத்து அழுத மூன்றாம் மாடிக்காரர் முதல் பலகையில் ஒட்டினார். போன ஆண்டு மாமியார் சாவுக்கு அங்கே பந்தி வைத்த சீன ஆன்ட்டியும் முதல் பலகைதான். ஒட்டிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் கறிபாப் பக்கம் போனார்கள். மூன்றாவது பலகையில் ஆன்ட்டியின் புள்ளி, என் புள்ளி, நடைச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு பெரியவர் கோணலாக ஒட்டிய புள்ளி. அவ்வளவுதான்.

திரும்பும்போது லிஃப்டில் இரண்டாம் மாடிக்காரர் என்னோடு ஏறினார். தானாகவே ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க படிச்ச பிள்ளை. உங்களுக்குப் புரியும். என் ஜன்னலுக்கு நேர் கீழதான் அந்த இடம். புகை, மணி, அழுகை. வீட்டை வித்துட்டு மகள் பக்கமா பூன் லே போயிடலாம்னு இருக்கோம். வீடு பார்க்க வர்றவன் எல்லாம் கீழ எட்டிப் பார்த்துட்டுத்தான் மேல வர்றான்."

"அதை மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே அங்கிள்?"

"சொன்னா நான் மனுஷனா?"

லிஃப்ட் கதவு திறந்தது. வெளியே கால் வைத்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "புள்ளி ஒட்ட வாய் திறக்க வேண்டியதில்ல பாருங்க."

நான் சண்டைக்குத் தயாராகத்தான் இந்த வேலைக்குப் போயிருந்தேன். மக்கள் சொல்வார்கள், அதிகாரிகள் கேட்க மாட்டார்கள், நான் நடுவில் நின்று கேட்கவைப்பேன் என்று மனத்துக்குள் வசனமெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அதிகாரிகள் கேட்டார்கள். இரண்டு கூட்டம் போட்டு, நான்கு மொழியில் கேட்டார்கள். நாங்கள்தான் எங்களில் ஒருவரை, ஒரு வார்த்தை பேசாமல், எங்கள் வாசலிலிருந்து தள்ளிவைத்தோம். அதற்கு மேலே செடியும் வைத்தோம்.

முடிவைச் சொல்ல ஆன்ட்டியோடு நானும் மேலே போனேன். அங்கிள் சோபாவில் தலையணைக்குள் புதைந்திருந்தார்.

"நமக்கு எத்தனை ஓட்டு?"

"மூணு."

"டெபாசிட் போச்சா!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி நின்ற பிறகு, "யார் யாருடா?" என்றார். சொன்னேன். "மூணாவது மாடிக்காரன் போடலையா? அவன் அப்பனைப் பெட்டியில தூக்கி வெச்சதே நான்தானே." அவர் ரிமோட்டைத் தேடி எடுத்துத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் அதிகாரி அக்காவைப் போய்ப் பார்த்தேன். ஓர் ஓரத்தையாவது திறந்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"எதுக்கு ஒட்டச் சொன்னோம் அப்புறம்? மூணு பேருக்காக மாத்தினா மத்தவங்க சும்மா விடுவாங்களா?" பேனாவை உருட்டினார். "எதிர் புளோக்ல அனுமதி வாங்கலாம். நானே பண்ணித் தர்றேன்."

"அது அவர் புளோக் இல்லையே அக்கா."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே தம்பி."

வேலை சீக்கிரமே முடிந்தது. ஓவியம் நன்றாகத்தான் வந்திருந்தது. செடிகளுக்கு இடையில் மேசைகள், மேசையைச் சுற்றி அசையாத நாற்காலிகள். ஆட்கள் வந்து உட்காரவும் செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கிள் மருத்துவமனையில் இறந்தார். அக்கா வாக்குத் தவறவில்லை. எதிர் புளோக்கில் பெட்டியை இறக்கினோம். அந்த புளோக்குக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவர்களுக்கு ஆள் யாரென்றே தெரியாது. காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் தயங்கி நின்று, "எந்த மாடி ஆன்ட்டி?" என்று மெல்லக் கேட்டார்.

"இங்க எந்த மாடியும் இல்லம்மா. அதோ, எதிர்ல இருக்கே, அந்த புளோக். அங்க செடி வெச்சிருக்காங்க."

எங்கள் புளோக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நிறையப் பேர் வந்தார்கள். இரண்டாம் மாடிக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து என் பக்கத்தில் நின்றார். எதிரே எங்கள் புளோக் ஜன்னல்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இங்க காத்து நல்லா வருது, இல்ல?"

பெரியவர் நடைச்சட்டத்தோடு கீழே இறங்கிச் சாலை ஓரம்வரை வந்திருந்தார். பேருந்துகளும் லாரிகளும் போய்க்கொண்டே இருந்தன. சாலையைக் கடக்கும் இடம் வெகுதூரம் தள்ளி. நான் கடந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரப் பார்த்தேன். நாலடி வைத்ததும் கால் நடுங்கியது. தலையை ஆட்டிவிட்டார். அவரைத் திருப்பிக் கொண்டுபோய்ப் புது நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தேன். அங்கிருந்து பார்த்தால் எதிரே கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. அவருடைய ஃபோனில் வீடியோ அழைப்புப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

என் ஃபோனைப் பெட்டியின் தலைமாட்டில் பிடித்தேன். திரையில் பெரியவரின் காதுதான் தெரிந்தது. பிறகு கண்கள் வந்தன. இன்னும் கிட்டே என்றார். குனிந்து அங்கிளின் முகத்தருகே கொண்டுபோனேன். "ஜாலான் பாய்க்-பாய்க்" என்றார், பத்திரமாகப் போ என்று. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அதுவரை ஃபோனை வைக்காதே என்றார்.

வாய்க்கரிசி தொடங்கியது. வரிசை நகர்ந்தது. இரண்டாம் மாடிக்காரர் அரிசியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டபடி பெட்டியருகே அப்படியே நின்றுவிட்டார். திரை முழுக்க வெள்ளைச் சட்டை.

அந்த ஆளை நகரச் சொல்லு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றது ஃபோன், மலாயில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.