துளை போட்டவனும் துளை போடாதவனும்

ஃபைபர் வேலை பார்ப்பவனுக்கு உடம்பில் அரிப்பும் மனதில் பொறாமையும் எந்தச் சோப்புக்கும் போவதில்லை. எதிராளி கடையில் கூட்டம் நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தபடியே வேலை செய்கிற அன்பர்களுக்கு, அது டீக்கடையானாலும் டெய்லர் கடையானாலும், நான் சொல்வது புரியும்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் என் பட்டறை. தண்ணீர்த் தொட்டி ஒட்டுவது, வேன் கூரை, குளியலறைக் கதவு, இவைதான் தொழில். யாரிடமும் படித்ததில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றது. நான் உள்ளே வேலை பார்ப்பேன். வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களிடம் பேசுவது என் மனைவி. அவள் காலமான பிறகு நாற்காலி மட்டும் கிடக்கிறது.

கடலில்லாத ஊருக்கு அலைச்சறுக்குப் பலகை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கேரளத்தில் வர்க்கலைக்கும் இந்தப் பக்கம் திருச்செந்தூர்க் கடற்கரைக்கும் நடுவே ஓடும் வேன்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் மலை ஏறி இறங்கும். ஒருநாள் மூக்குடைந்த பலகை ஒன்று வந்தது. ஒட்டிக் கொடுத்தேன். பிறகு வந்துகொண்டே இருந்தன. குற்றாலம் போகும் சாலையில் கடை வைத்திருக்கும் செல்லத்துரையிடமும் வந்தன. என் அரிப்பு அங்கேதான் ஆரம்பம்.

பூரி

கடற்கரையில் சர்ஃபிங் பள்ளி நடத்தும் ஜெரால்டு ஒரு பலகையைக் கொண்டுவந்தார். நடுவில் மேல்தோல் பூரி மாதிரி எழும்பியிருந்தது. இந்த வகைப் பலகைக்குள் இருப்பது தெர்மாகோல், அதற்குள் காற்று. வேன் கூரையில் வெயில் ஏற ஏறக் காற்று விரியும். போக வழி இல்லாவிட்டால் தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உப்பலை அறுத்து ஒட்டி, மேலே ஒரு சின்னத் துளை போட்டுப் பித்தளைத் திருகு வைத்துக் கொடுத்தேன். தரையில் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்குமுன் மூட வேண்டும், யாருக்கும் தெரிகிற விஷயம்தானே.

அவர் திருகைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். “செல்லத்துரை அண்ணாச்சி போர்டுக்குத் துளையே வேண்டாம்னு சொல்லுதாரே. நல்லா இருக்கிறத எதுக்குக் குத்துதீயன்னு சிரிக்காரு.”



குளித்த பலகை

சாரல் காலத்தில் ஒரு வேன் நிறைய இளைஞர்கள். திருநெல்வேலியிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டே வந்த பலகையை, உப்புப் போகட்டும் என்று நேரே பழைய குற்றாலம் அருவியில் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். நான் வைத்த திருகு திறந்தே இருந்திருக்கிறது. சூடான பலகை சில்லென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கும்போது துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவந்து என் வாசலில் வைத்தார்கள், நனைந்த மெத்தை மாதிரி.

மூடாமல் யாராவது தண்ணீரில் வைப்பார்களா என்று கேட்டேன். ஒருவன் தலை துவட்டியபடியே சொன்னான்: “குத்தாலத்துக்கு வந்துட்டு ஆளு குளிக்காமப் போறதில்ல, போர்டு மட்டும் காஞ்சு கெடக்கணுமா அண்ணாச்சி?”

எண்ணெய்

இன்னொருவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொண்டு, அதே உடம்போடு பலகையில் சாய்ந்து படம் எடுத்திருக்கிறார். மறுநாள் அதன் கீறலை ஒட்டச் சொல்லி என்னிடம் வந்தார். எண்ணெய் பட்ட இடத்தில் ரெசின் பசை பிடிக்காது. துடைத்துத்தான் போட்டேன், ஆனாலும் போகிற வழியிலேயே ஒட்டு சிப்ஸ் மாதிரி உரிந்துவிட்டது.

திரும்பி வந்தார். எண்ணெயைப் பற்றி ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கவே இல்லியே. செல்லத்துரை கடையில அந்த இசக்கியம்மா அக்கா, எண்ணெய்க் கையோட போர்டப் பக்கத்துலயே விடமாட்டாக.”

இசக்கியம்மாள் செல்லத்துரையின் மனைவி. கடை வாசலில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பாள்.

மாம்பழம்

செல்லத்துரையின் பலகைகள் உப்புகின்றனவா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கடைக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். வாசலில் அவர் ஒட்டிய பலகை ஒரு வேன் கூரையில் நல்ல வெயிலில் கிடந்தது. பழைய வேட்டியைத் தைத்து வெள்ளை உறையாகப் போட்டிருந்தார்கள். தூசிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இசக்கியம்மாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். ரெசின் டின்னைக் கவிழ்த்துப் போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்புக் கூட என்று அவர் சொல்ல, அவள் கரண்டியால் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம் நான் பார்த்திருக்கவே கூடாது.

அவர்கள் கை கழுவப் போன நேரத்தில் எழுந்துபோய், உறைக்குள் கைவிட்டுப் பலகையைக் கட்டை விரலால் அங்கங்கே அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. திரும்பினால் டீக்கடைக்காரர் நிற்கிறார். “என்ன அண்ணாச்சி அமுக்கிப் பாக்கீய, மாம்பழமா?”

ஒரே வேன்

ஜெரால்டு ஒரு முடிவுக்கு வந்தார். பள்ளியின் பலகைகளையெல்லாம் வருடம் முழுக்க ஒரே ஆளிடம்தான் கொடுப்பார். அதற்கு, என் பலகை ஒன்று, செல்லத்துரையின் பலகை ஒன்று, இரண்டும் ஒரே வேனில் வர்க்கலை போய்வரட்டும். யாருடையது நன்றாகத் திரும்புகிறதோ அவருக்கு வேலை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் தொட்டி ஓட்டையானால் ஒட்டுவதில்லை, புதிது வாங்கிவிடுகிறார்கள். அதைவிட, அந்த வேலை செல்லத்துரைக்குப் போகக் கூடாது என்று இருந்தது.

திரும்பி வந்தபோது என் பலகையில் ஓர் உப்பல் இல்லை. ஆனால் உள்ளே தண்ணீர். போகும்போதும் கடலிலும் வரும்போதும் திருகு திறந்தபடியே. கடைசியில் திருகையே காணோம். செல்லத்துரையின் பலகை போனது போலவே வந்திருந்தது. ஜெரால்டு என் பலகையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. ஒங்க போர்டு நல்லாத்தான் இருக்கு, தூக்கத்தான் முடியல.”

பங்குனி வெயில்

நான் விடவில்லை. அதற்குள் எனக்கு அந்த வேட்டி உறையின் சூட்சுமம் புரிந்துவிட்டது. வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பிவிடுகிறது. அதனால்தான் துளையில்லாமல் தப்பிக்கிறது. ஜெரால்டையும் கூட்டிக்கொண்டு செல்லத்துரையின் கடைக்குப் போனேன். உறையைக் கழற்றிப் பலகையை வெயிலில் போடச் சொன்னேன். செல்லத்துரை சிரித்துக்கொண்டே போட்டார்.

மத்தியானத்துக்குள் வால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எழும்பியது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். செல்லத்துரையும் மழுப்பாமல், அண்ணாச்சி சொன்னதுதான் சரி, துளை வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். ஜெரால்டும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, வேலையைச் செல்லத்துரைக்கே கொடுத்தார்.

இது என்ன நியாயம் என்று கேட்டேன். இசக்கியம்மாள்தான் மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“துளை நல்லதுதான் அண்ணாச்சி. ஆனா மூடிட்டு எறங்கணும்னு அவுக கிட்டச் சொன்னீயளா? ஒங்க வீட்டு மதினி உசுரோட இருக்கையில, சாயங்காலம் வரைக்கும் தொட்டியில தண்ணி விடாதீயன்னு தெருமுக்கு வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொல்லிட்டு வருவாகல்லா.”

தெர்மாகோல் பலகைக்குக் காற்றுத் துளை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும், அதை மூடச் சொல்ல வாசலில் ஓர் ஆளும் வேண்டும் என்பேன். முதலாவதை நான் செல்லத்துரைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், இரண்டாவது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.