சாமியறையிலிருந்து வரும் வைஃபை

சென்ற வாரம் எங்கள் வீட்டில் மீனும் இணையமும் சேர்ந்து வாழ இயலாத நிலை ஏற்பட்டது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்பவர்களுக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை நான் விளக்கவும் வேண்டுமா?

காரணம் என் மகன். கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டின் பின்னறையில் இருந்தபடியே பணியாற்றுகிறான். பழைய வீடு, சுவர்கள் இரண்டு சாண் தடிப்பு. முன் விறாந்தையில் இருந்த ரௌட்டரின் அலை பின்னறையை அடைவதற்குள் இளைத்துவிடும். காணொளிக் கூட்டங்களில் அவன் வாய் அசையும், குரல் வராது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் நிரந்தர நியமனத்தை மறந்துவிடலாம் என்று மேலாளர் கூறிவிட்டார்.

ஆகவே, அலையை வீடெங்கும் பரப்பும் அக்சஸ் பொயின்ட் கருவியைப் பொருத்த ஒருவரை அழைத்தோம். அவர் கைப்பேசியை ஏந்தியபடி அறை அறையாக நடந்து, சாமியறை வாசலில் நின்றார்.

"ஐயா, வீட்டுக்கு நடு இதுதான். ரௌட்டரையும் கொண்டுவந்து இதுக்குள்ள உயரத்தில பூட்டினால் எல்லா மூலைக்கும் வரும். வேற எங்க வைச்சாலும் நான் பொறுப்பில்லை."

என் மனைவி கருவியையும் சாமித்தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னர் இசைந்தார் – ஒரு நிபந்தனையுடன்.

"சாமியறையில இருந்து வாற வைஃபை. மச்சம் சாப்பிட்ட ஆக்கள் பாவிக்க ஏலாது."

மீன் உண்டவர் சாமியறைக்குள் நுழைவதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. அந்த ஒழுங்கு இப்போது அலைகளின் வழியே வீடு முழுவதும் பரவிவிட்டது... மீன் கழுவத் தொடங்கும் முன்பே மனைவி உள்ளே சென்று கருவியின் மின் ஆளியை அணைத்துவிடுவார்.

"முழுகிப்போட்டுப் பாவிக்கிறனே அம்மா" என்று மகன் கெஞ்சினான்.

"முழுகினாலும் மீன் வயித்துக்குள்ளதானே தம்பி கிடக்குது."

வேலைநாள்களில் வீடு மரக்கறிக்கு மாறியது.

ஞாயிறு காலை சம்பூரிலிருந்து மைத்துனர் வந்தார். கையில் பெரிய பாரை மீன். தமக்கைக்கென்று கொண்டுவந்த மீனை மறுப்பதா? மறுத்தால் குடும்பத்தின் அடுத்த திருமணம் வரை பேச்சு இராது. மகனுக்கும் அன்று விடுமுறை. ஆளி அணைந்தது, குழம்பு கொதித்தது, நால்வரும் வயிறார உண்டோம்.

கை கழுவும் வேளையில் மகனின் கைப்பேசி ஒலித்தது. கட்டார் வாடிக்கையாளருடன் செவ்வாய்க்கிழமை நடக்கவிருந்த கூட்டம் இன்றே, அதுவும் இன்னும் அரை மணி நேரத்தில். அவர்களுக்கு ஞாயிறு வேலைநாள்.

"போன் டேட்டாவில கதைக்கலாமே மருமகன்?" என்றார் மைத்துனர்.

"இந்தச் சுவருக்குள்ள அது நிக்காது மாமா, வெளியில எண்டால் ஒரே இரைச்சல். அம்மா, இதோட என்ர வேலை போகப்போகுது."

மனைவியின் முகம் வாடியது. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தாலும் பயன் என்ன? ஆளி உள்ளே இருக்கிறது. அதை அழுத்த மீன் உண்ணாதவர் வீட்டில் ஒருவரும் இல்லை.

"அத்தான், நீங்கள் படிச்ச ஆள். சாத்திரத்தில ஏதும் வழி கிடக்கோ?" என்று மைத்துனர் என் பக்கம் திரும்பினார்.

நான் தொண்டையைச் செருமினேன். விலக்கு என்பது உணவைச் சார்ந்ததா, உண்டவரைச் சார்ந்ததா என்று முதலில் வரையறுக்க வேண்டும் எனத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, விளக்கத்தைப் பிறகு சொல்லுங்கோ. மாங்காய் ஆயிற கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார் மனைவி.

வாசற்படிக்கு வெளியே நின்று தடியை உள்ளே நீட்டினேன்.

"முதல்ல சாமித்தட்டுத் திரையை இழுங்கோ. கோயிலிலயும் மத்தியானம் நடை சாத்திறவைதானே. திரைக்கு இஞ்சால நடக்கிறது சாமிக்குத் தெரியத் தேவையில்லை" என்றார் மனைவி.

திரை மெல்ல நகர்ந்தது. பிள்ளையார் முதலாக அனைவரும் மறைந்தனர். அடுத்தது ஆளி.

"மேல... இன்னும் கொஞ்சம் மேல... அத்தான், அது மணி" என்று மைத்துனர் வழிநடத்தினார்.

டக். பச்சை விளக்கு எரிந்தது.

கூட்டத்தில் மகனின் குரல் ஒருமுறைகூட அறுபடவில்லை. மறுநாளே நிரந்தர நியமனம் உறுதியாயிற்று.

குசினிக்கு மீனும் மீண்டுவிட்டது. காலைப் பூசை முடிந்ததும் திரை மூடப்படும். மறுநாள் விடியும் வரை சாமிக்கு ஓய்வு. மகனின் மடிக்கணினியோ உணவு வேளையிலும் மூடப்படுவதில்லை.

நேரத்துக்கு வேலை முடிவது எங்கள் வீட்டில் கடவுளுக்கு மட்டும்தான்.